மாடித் தரை, கீழ்வீட்டுக் கூரை: பத்து வருஷ அனுபவம்

தேவகோட்டையில் வீடு கட்டப் போகும் மச்சான் போன வாரம் போன் செய்தார். "உங்க வீட்டு மாதிரியே உள்ளே ஓடு வச்சு ஊத்துற ஃபில்லர் ஸ்லாப் தளம் போட்டு, மாடித் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கலாம்னு இருக்கேன். போடலாமா?" என்று கேட்டார். எங்கள் மாடிக் குளியலறை ரிப்பேர் அப்போதுதான் முடிந்திருந்தது, தூசிகூட அடங்கவில்லை. போனில் ஏதோ சொல்லிவிட்டேன். ஒழுங்கான பதில் இதுதான்.

எங்கள் வீடு காரைக்குடியில், கீழ்த்தளமும் ஒரு மாடியும். 2015 ஆவணியில் குடி வந்தோம். கீழே நான், மனைவி, ஆத்தா. மேலே தம்பி குடும்பம், இரண்டு பிள்ளைகள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காங்கிரீட் தளத்தில் பாரம் ஏறும்போது மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அமுக்கத்தைக் காங்கிரீட் தாங்கும், இழுப்பைக் கம்பிதான் தாங்கும். ஆகவே கம்பிகளுக்கு நடுவில் அடிப்பக்கம் இருக்கும் காங்கிரீட்டில் ஒரு பகுதி வெறும் நிரப்பல்தான். அந்த இடத்தில் மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாக, ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து வைத்து ஊற்றுவதுதான் ஃபில்லர் ஸ்லாப். கேரளத்தில் லாரி பேக்கர் இதைப் பரப்பினார். ஐந்தங்குல முழுக் காங்கிரீட் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ இருக்கும். ஓடு வைத்தால் அந்த எடையும் குறைகிறது, சிமென்டும் குறைகிறது. அடியில் பூசாமல் விட்டதால் எங்கள் கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் செக்கச்செவேல் என்று ஓடுகள் வரிசையாகத் தெரியும். பத்து வருஷத்தில் ஒரு விரிசல் இல்லை.

ஆணி அடிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஓடு இருக்கும் இடத்தில் டிரில் வைத்தால் பொக்கென்று உள்ளே போய்விடும். ஊஞ்சல் கொக்கி, ஃபேன் கொக்கி எல்லாம் எங்கே என்று தளம் போடும் முன்பே முடிவு செய்து, அந்த இடத்தை முழுக் காங்கிரீட்டாக விட வேண்டும். நாங்கள் ஊஞ்சலை மறந்துவிட்டோம். ஆத்தாவுக்கு இன்றுவரை வீட்டில் ஊஞ்சல் இல்லை.

குளிர்ச்சியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு ஓட்டுக்கு நடுவில் அடைபட்ட காற்று வெயிலைத் தடுப்பது உண்மை. ஆனால் அதன் பலன் மொட்டைமாடித் தளத்தில்தான். இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் தளத்தின் மேல் வெயிலே படாதபோது அங்கே எதைத் தடுக்கப் போகிறது? தம்பி வீட்டில் மே மாதம் மத்தியானம் படுத்துத் தூங்கலாம். கீழே எங்களுக்கு வரும் குளிர்ச்சி, தலைக்கு மேல் இன்னொரு வீடு இருப்பதால் வருவது.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்டைக் கையால் ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்யும் கல் அது. நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். மேலே கூடத்தில் பத்து வருஷம் பிள்ளைகள் ஓடிய தடம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

அந்த ஓட்டம்தான் என் பிரச்சினை.

குடி வந்த முதல் வாரம். விடிகாலை ஐந்து மணிக்கு மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். கீழே கட்டிலில் படுத்திருந்த ஆத்தா எழுந்து உட்கார்ந்து, "யாருப்பா இந்நேரத்துக்கு உலக்கை போடுறது?" என்றார். அன்றிலிருந்து சொம்பு விழுந்தால் கேட்டது, கோலிக்குண்டு உருண்டால் கேட்டது. தம்பி எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதைக் காலடி வைத்தே சொல்லிவிடுவேன். விசித்திரம் என்னவென்றால், மேலே டிவி ஓடினாலும், பேசினாலும், சண்டையே போட்டாலும் கீழே ஒன்றும் கேட்காது. காற்றில் வரும் சத்தத்தைத் தளத்தின் கனம் தடுத்துவிடுகிறது. காலும் பாத்திரமும் தளத்தையே நேராக அடிக்கின்றன. அடி வாங்கிய தளம் அதிர்ந்து, அந்த அதிர்வு சுவர் வழியாகவும் இறங்குகிறது. சிமென்டுக் கல், சிமென்டுக் கலவை, காங்கிரீட் என்று மேலிருந்து கீழ்வரை எல்லாம் இறுகின பொருள். நடுவில் மெத்தென்று ஒன்றுமே இல்லை.

இது எனக்கு அப்போது தெரியாது. ஓடு வைத்ததால் தளம் டொக்காகிவிட்டது என்று ஃபில்லர் ஸ்லாப்பைத்தான் வருஷக்கணக்காகத் திட்டினேன். கட்டிக் கொடுத்தவரிடமும் கடுமையாகப் பேசினேன். எடை குறைந்தால் சத்தம் கொஞ்சம் கூடும் என்பது சரிதான். ஆனால் பக்கத்து வீட்டில் முழுக் காங்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஊரில் எங்கள் பங்கு வீட்டைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். முகப்புக்கு மேலே மாடி. பர்மாத் தேக்கு உத்திரம், அதன் மேல் அச்சுக்கல் என்ற சின்னச் செங்கல்லைக் குத்துவசமாகச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். அந்த வீட்டில் மேலிருந்து சத்தம் வந்ததாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த மாடியில் யாரும் குடியிருக்கவில்லை. சாமான் கிடக்கும், கல்யாணத்துக்கு வருபவர்கள் படுப்பார்கள், அவ்வளவுதான். அத்தனை பேரும் கீழே நடு முற்றமான வளவைச் சுற்றித்தான் வாழ்ந்தார்கள். போன தடவை போனபோது சுவருக்குள் செருகியிருந்த உத்திரத்தின் முனை ஒன்று கரையான் தின்று மாவாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

இந்தப் பத்து வருஷத்தில் எனக்கு ரொம்பச் சங்கடமான விஷயம் ஒன்று. ஒரு நாள் மேலே போயிருந்தேன். தம்பி மனைவி அடுப்படியிலிருந்து கூடத்துக்கு முன்னங்காலை ஊன்றி நடந்து வந்தது. ஏன்மா என்று கேட்டேன். "கீழே ஆத்தா தூங்குவாகளே" என்றது. சொந்த வீட்டில் ஒருத்தி பத்து வருஷம் அப்படி நடந்திருக்கிறாள். பிள்ளைகளை நான் எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன்! வீடு கட்டும்போது மாடித் தரையை மேலிருந்து பார்த்து டிசைன் தேர்ந்தெடுத்தோம், கீழிருந்து பார்த்து ஓடு தேர்ந்தெடுத்தோம். மேலே நடந்தால் கீழே எப்படிக் கேட்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

இப்போது ரிப்பேர். குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்துக்குள் ஒரு குழாய் இணைப்பு கசிந்து, நிரப்பியிருந்த செங்கல் உடைசல் முழுக்கத் தண்ணீர் குடித்து, பக்கத்துப் படுக்கையறைக் கல்லுக்கடியில் பரவிவிட்டது. மேலே கல்லில் உப்புப் பூத்தது. கீழே எங்கள் கூரையில் நான்கு ஓடு கறுத்தது. குளியலறையோடு படுக்கையறைத் தரையையும் பெயர்க்க வேண்டியதாயிற்று. கசிவுக்கு மருந்து பூசி, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துச் சோதித்த பிறகு, வேலையைப் பார்த்த சின்ன என்ஜினீயர், "அண்ணே, எப்படியும் கலவை புதுசாத்தான் போடப் போறோம், அடியில ஒரு ஷீட் விரிச்சுப் பார்ப்போமா?" என்றார்.

ரப்பரும் தக்கையும் கலந்த ஷீட், 6 மில்லிமீட்டர் கனம். தளத்தில் விரித்து, நான்கு சுவர் ஓரத்திலும் மேலே மடித்து ஏற்றினார்கள். அதன் மேல் கோழிவலை வைத்து இரண்டங்குலக் கலவை, அதற்கு மேல் கல். புதுத் தரை தளத்தையும் தொடக்கூடாது, சுவரையும் தொடக்கூடாது என்பதுதான் கணக்கு. தரை கொஞ்சம் உயர்ந்ததால் கதவின் அடியை இழைக்க வேண்டியிருந்தது. புதுக் கல்லின் நிறம் பழைய கல்லோடு சேரவில்லை. அதே டிசைன்தான், ஆனால் பத்து வருஷ நடை அதில் ஏறவில்லையே.

வேலை முடிந்ததும் தம்பி மேலே நின்று பித்தளைச் சொம்பைப் போட்டான், நான் கீழே நின்றேன். கூடத்தில் போட்டபோது ணங்கென்று மண்டையில் அடித்தது. புது அறையில் போட்டபோது, பக்கத்துத் தெருவில் யாரோ துணி மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி ஒரு தொப். நான் நம்பாமல் மறுபடி போடச் சொன்னேன். ஆத்தாவின் கட்டிலை அன்றைக்கே அந்த அறைக்கு அடியில் மாற்றிவிட்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் என்ன என்று இரண்டு நாள் கோபமாகவே இருந்தது. இன்னும் முழுதாக அடங்கவில்லை.

மச்சான், இவ்வளவு புகழ்ந்த பிறகும் இதைச் சொல்கிறேன்: உங்களுக்கு இடம் தாராளமாக இருக்கிறது, மாடியே வேண்டாம். தரையோடு பரவலாகக் கட்டுங்கள். கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப் போடுங்கள், தரைக்கு ஆத்தங்குடி போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இல்லை, பையனுக்கு மேலே வீடு வேண்டும் என்றால், ஓடா முழுக் காங்கிரீட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஷீட்டுக்கும் கலவைக்கும் கல்லுக்கும் சேர்த்து இரண்டரை மூன்று அங்குலம் முதலிலேயே கணக்கில் வைத்து, படிக்கட்டு உயரத்தையும் நிலை உயரத்தையும் அதற்குத் தக்கபடி போடச் சொல்லுங்கள்.

கலவை போடும் அன்றைக்கு நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். எங்கள் அறையில் பீரோ வைக்கும் மூலையில் ஷீட்டை ஒரு சாண் அகலத்துக்கு மடிக்காமல் விட்டுவிட்டார்கள், கலவை நேராகச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. பீரோக் கதவைச் சாத்தினால் அது ஒன்று மட்டும் இன்னும் கீழே கேட்கிறது. அடுத்த வாரம் கொத்தனார் வந்து அந்த ஓரத்தை வெட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.