தங்க நிறம் பூசிய எஃப்4: 'செரியே ஓரோ' தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வடக்கு இத்தாலியில் அரிய பைக்குகளை வாங்கி விற்கும் ஒரு கடையில், இத்தாலிய பைக் நிறுவனமான எம்.வி. அகுஸ்தாவின் எஃப்4 எஸ் ஒன்று நிற்கிறது. அதன் உலோகப் பாகங்களுக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடித்து, எண் பொறித்த தகடு ஒன்றைப் பொருத்தி, 300 வண்டிகள் மட்டுமே வெளிவந்த 'செரியே ஓரோ' (இத்தாலியில் 'தங்க வரிசை') என்று விற்கப் பார்க்கிறார்கள். என்னிடம் வாங்கிய 2,000 யூரோ முன்பணத்தை இதுவரை திருப்பித் தரவில்லை. விளம்பரம் மறுபடியும் வந்துவிட்டது. விவகாரம் வழக்கறிஞர் கையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுத முடியவில்லை. ஆனால் அந்த வண்டியை எப்படி அடையாளம் காண்பது என்பதை எழுத எந்தத் தடையும் இல்லை. மிலானிலும் சூரிச்சிலும் பாரிஸிலும் இந்த வண்டிகள்மேல் உயிரையே வைத்திருக்கும் தமிழர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் அடுத்ததாக அந்தக் கடை வாசலை மிதிக்கக்கூடும்.

முதலில் வண்டியைப் பற்றி. இதைச் சொல்லாமல் மோசடியை விளக்க முடியாது.

எஃப்4ஐ வடிவமைத்தவர் மாசிமோ தம்புரினி. ரிமினிக்காரர். கட்டடங்களுக்கு வெப்பமூட்டும் அமைப்புகளைப் பொருத்தும் தொழிலில் இருந்து, நண்பர்கள் பியாங்கி, மோர்ரி இருவருடனும் சேர்ந்து பிமோத்தா பைக் நிறுவனத்தைத் தொடங்கியவர். பிறகு, அப்போது டுகாட்டியை வைத்திருந்த காஸ்திலியோனி குடும்பத்தின் கீழ் டுகாட்டி 916ஐ உருவாக்கினார். அதற்கு அடுத்து வந்ததுதான் எஃப்4. 1997இல் மிலான் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். மறு ஆண்டு நியூயார்க் குகென்ஹைம் அருங்காட்சியகம் மோட்டார் சைக்கிள்களுக்கென்று ஒரு கண்காட்சி நடத்தியபோது எஃப்4 அங்கேயும் இடம் பெற்றது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முன்விளக்கு, பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் ஒற்றைக் கை ஸ்விங் ஆர்ம், இருக்கைக்கு அடியில் வரிசையாக வெளியே வரும் நான்கு சைலன்சர் குழாய்கள்: இவற்றை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். என் கண்ணுக்கு இருபதாம் நூற்றாண்டில் இதைவிட அழகான பந்தய வடிவ வண்டி பிறக்கவில்லை.

விற்பனைக்கு முதலில் வந்தது 1999இன் செரியே ஓரோ. அதன் பிறகுதான் எல்லோருக்குமான எஃப்4 எஸ். இரண்டிலும் அதே 749 சிசி எஞ்சின், முன்சக்கரத்தைத் தாங்கும் அதே 49 மில்லிமீட்டர் ஷோவா ஃபோர்க், அதே ஆறு பிஸ்டன் நிஸின் பிரேக். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வடிவமும் ஒன்றுதான். வேறுபாடெல்லாம் எதனால் செய்தார்கள் என்பதில் இருக்கிறது. ஓரோவின் ஸ்விங் ஆர்ம், சக்கரங்கள், சட்டத்தின் (ஃபிரேம்) பக்கத் தகடுகள் எல்லாம் மெக்னீசியம். எஸ் வண்டியில் இவை அலுமினியம். ஓரோவின் ஃபேரிங், அதாவது வண்டியை மூடும் வெளி உறை, கார்பன் இழை. எஸ் வண்டியில் பிளாஸ்டிக்.

ஓரோவின் தங்க நிறத்தை வெறும் பகட்டு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மெக்னீசியம் ஈரம் பட்டால் விரைவில் அரித்துப்போகும் உலோகம். மேற்பூச்சு இல்லாமல் அதை விட முடியாது. பழைய பந்தய வண்டிகளின் மெக்னீசியப் பாகங்களைப் பார்த்தவர்களுக்கு, அரிப்பைத் தடுக்கும் குரோமேட் வேதிக் குளியலில் வரும் அந்தப் பொன்-பழுப்பு நிறம் நன்றாகத் தெரியும். 'இந்தப் பாகம் எடை குறைந்தது, பந்தயத்துக்கு உரியது' என்பதற்கு அந்த நிறமே அடையாளமாக இருந்தது. ஓரோவில் தங்க நிறம் ஏறிய இடங்களைக் கவனியுங்கள்: மெக்னீசியம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கிறது. பொருளும் நிறமும் ஒன்றையொன்று சொல்கின்றன. அதனால்தான் அது அழகு. அதே நிறத்தை அலுமினியத்தின்மேல் அடித்தால் அது பொய்யாகிவிடுகிறது, ஆயிரக்கணக்கான யூரோ பெறுமான பொய்.

இனி நடந்தது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 'செரியே ஓரோ' என்று இருந்தது. கேட்ட விலை அசல் ஓரோக்களின் விலையைவிடச் சற்றே குறைவு. சந்தேகம் வரும் அளவுக்குக் குறைவு இல்லை. ஆசை வரும் அளவுக்குக் குறைவு. இந்தக் கணக்கை அவர்கள் தெரிந்தே போட்டிருக்கிறார்கள். படங்கள் எல்லாம் வெளிப்புறம் மட்டும். ஃபேரிங்கைக் கழற்றி உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். "இப்படிப்பட்ட வண்டியைச் சும்மா கேட்பவர்களுக்கெல்லாம் கழற்ற முடியாது. முன்பணம் கட்டுங்கள், நேரில் வாருங்கள், உங்கள் மெக்கானிக்கையும் அழைத்து வாருங்கள், எதை வேண்டுமானாலும் கழற்றிப் பாருங்கள்" என்றார் கடைக்காரர். ரசீதில் விளம்பரத் தலைப்பை அப்படியே எழுதித் தரக் கேட்டேன். எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அந்த ஒரு வரிதான் இன்றைக்கு எனக்குப் பிடிமானம்.

என்னுடன் வந்தவர் வரேசே பக்கத்து மெக்கானிக், ஓய்வு பெற்றவர், எஃப்4 வண்டிகளில் பல ஆண்டு கை வைத்தவர். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்பு சங்கிலிப் பக்கம் குந்தி உட்கார்ந்து ஸ்விங் ஆர்மின் அடிப்பாகத்தை விரலால் தடவினார். "மணல் எங்கே?" என்றார். மணல் அச்சில் வார்த்த மெக்னீசியத்தில், பூச்சுக்கு அடியிலும் ஒரு சொரசொரப்பு விரலுக்குத் தட்டுப்படும். இங்கே வழவழவென்று இருந்தது. டார்ச் அடித்துக் காட்டினார். பிரேக் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பின் ஓரத்தில், ஒரு போல்ட்டின் மரைக்குள், ஒட்டியிருந்த எச்சரிக்கை ஸ்டிக்கரின் விளிம்பில் எல்லாம் தங்கத் துகள். சுண்ணாம்பு அடிக்க வந்தவன் ஜன்னல் கம்பியிலும் தீற்றிவிட்டுப் போனதுபோல. தொழிற்சாலையில் பாகத்துக்குப் பூச்சு ஏற்றிய பிறகுதான் வண்டியில் பூட்டுவார்கள். கிளிப்பிலும் ஸ்டிக்கரிலும் தங்கம் படிய வழியே கிடையாது.

சங்கிலிக் காப்புக்குப் பக்கத்தில் கல் தெறித்து நகக்கண் அளவுக்குப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. உள்ளே தெரிந்த உலோகம் வெள்ளையாக, சுத்தமாகப் பளபளத்தது. மெக்னீசியத்தில் பூச்சு உதிர்ந்த இடம் சிறிது காலத்தில் மங்கிச் சாம்பல் நிறமாகும். ஓரத்தில் உப்புப் பூத்ததுபோல் வெண்பொடி கிளம்பும். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியில் திறந்து கிடக்கும் உலோகம் அப்படிப் பளபளத்தால் அது அலுமினியம்.

அடுத்து இடதுபக்க ஃபேரிங்கைக் கழற்றினோம். கடைக்காரர் அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியோடு வெளியே போய்விட்டார். கழற்றியதைத் திருப்பிப் பிடித்தோம். கார்பன் இழை என்றால் உட்பக்கத்தில் பாய் பின்னல் போன்ற இழை வரிசையும் பிசினின் பளபளப்பும் தெரிய வேண்டும். தெரிந்தது கறுப்பு பிளாஸ்டிக். அச்சிலேயே வார்த்த பொருள் குறியீடும் ஒரு மூலையில் இருந்தது. அதை மறைக்கக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை. முன்விளக்குக்குப் பின்னால் வெளியே தெரியும் சிறு பகுதியில் மட்டும் கார்பன் தோற்றம் தரும் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்கள். மடிப்பில் அது தூக்கிக்கொண்டு நின்றது.

தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். எண் பொறித்த தகடு எதற்கும் சான்று ஆகாது. லேசர் பொறிக்கும் எந்தப் பட்டறையிலும் அரை மணி நேர வேலை அது. இந்த வண்டியில் தகட்டைச் சுற்றியிருந்த எல்லாத் திருகுகளிலும் பழைய அழுக்கு ஏறியிருக்க, தகட்டைப் பிடித்த திருகுகள் மட்டும் நேற்று வாங்கியவைபோல் இருந்தன. சேஸிஸ் எண் ZCG என்ற எழுத்துகளில் தொடங்குகிறது, அதுவும் சரியே. ஆனால் அந்த மூன்றெழுத்து காஸ்திலியோனி குழுமத்தின் வண்டி என்று மட்டும்தான் சொல்லும். எந்த எஃப்4 எஸ் வண்டியும் அப்படித்தான் தொடங்கும். முழு எண்ணையும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். அது எஸ் ரகம் என்று பதில் வந்தது. கண்ணால் பார்த்ததற்கு அது எழுத்து வடிவச் சான்றாக அமைந்தது, அவ்வளவுதான்.

கடைக்காரர் திரும்பி வந்ததும் ஃபேரிங்கை மேசைமேல் கவிழ்த்து வைத்துக் காட்டினோம். முதலில், "முன்பு வைத்திருந்தவர் விபத்துக்குப் பிறகு மாற்றியிருப்பார்" என்றார். ஸ்விங் ஆர்முமா, இரண்டு சக்கரங்களுமா, பக்கத் தகடுகளுமா என்று கேட்டோம். உடனே பேச்சு மாறியது. வண்டி தம்முடையது அல்லவாம். ஒரு தனியாள் விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறாராம். தாம் வெறும் இடைத்தரகராம். பிறகு நான் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். அதில் 'எம்.வி. அகுஸ்தா எஃப்4 750' என்று மட்டும் இருந்தது. 'செரியே ஓரோ' என்ற சொல்லே இல்லை. கீழே சிறிய எழுத்தில், வாங்குபவர் வண்டியை இப்போதுள்ள நிலையிலேயே பார்த்து ஏற்றுக்கொள்கிறார் என்று ஒரு வரி. விளம்பரம் ஒன்றைச் சொல்கிறது, கையெழுத்திடும் தாள் வேறொன்றைச் சொல்கிறது. மோசடியின் முதுகெலும்பு பெயிண்ட் அல்ல, இந்தத் தாள்தான்.

நான் கையெழுத்திடவில்லை. முன்பணத்தைக் கேட்டேன். "நீங்களாகத்தானே வேண்டாம் என்கிறீர்கள், அதனால் முன்பணம் எங்களுக்கு" என்றார். சத்தம் போடவில்லை, முகம்கூட மாறவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியிருப்பாரோ.

இத்தாலியில் வாங்குகிறவர்களுக்கு இதில் தெரிய வேண்டியது உண்டு. உறுதி முன்பணம் என்று எழுதிக் கொடுத்த தொகைக்குச் சிவில் சட்டத்தின் 1385ஆவது பிரிவு பொருந்தும். வாங்குபவர் காரணமின்றிப் பின்வாங்கினால் பணம் போய்விடும். விற்பவர் சொன்னபடி நடக்காவிட்டால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். எனவே அந்த ரசீதில் என்ன பொருளுக்கு முன்பணம் என்று தெளிவாக இருப்பதே எல்லாம். தனியாளின் வண்டி என்ற கதைக்கும் காரணம் இருக்கிறது. கடை தன் சரக்காக விற்றால், பழைய வண்டியானாலும் குறைந்தது ஓராண்டு சட்டப் பொறுப்பு உண்டு. தனியாள் விற்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்படி வாங்கியவர், மறைந்த குறையைக் கண்டுபிடித்த 8 நாளுக்குள் விற்றவருக்குச் சொல்லியாக வேண்டும். விற்றது சொன்ன பொருளே அல்ல, வேறு பொருள் என்று நிறுவ முடிந்தால் இந்த 8 நாள் கெடு பொருந்தாது. என் வழக்கறிஞர் அந்த வழியில்தான் போகிறார்.

ஓரோவை மட்டும் சொல்லி நிறுத்த மனமில்லை. இத்தாலியின் அரிய வண்டிகளில் எவை எளிதில் போலியாகும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த வண்டிக்குச் சாதாரண உடன்பிறப்பு உண்டா? டுகாட்டி எம்எச்900இ 2,000 வண்டிகள்தான். 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் இணையத்தில் விற்பனைக்கு வந்தது. பியேர் டெர்ப்லான்ஷ் அதற்கென்றே வரைந்த டேங்க், சட்டம், பின்பாகம் எல்லாம் வேறு எந்த வண்டியிலும் கிடையாது. அதன் எஞ்சின் குடும்பம் பொதுவானதுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு முழு வண்டியைப் போலி செய்ய யாரும் துணியமாட்டார்கள். டுகாட்டி 916 சென்னாவின் கதை நேரெதிர். 1995இன் முதல் தொகுப்பு 300 வண்டிகள். கரும்சாம்பல் உடல், சிவப்புச் சக்கரங்கள். மிக அடக்கமான, மிக நேர்த்தியான நிறத் தேர்வு. ஆனால் சாதாரண 916 ஒன்றும் நல்ல பெயிண்டர் ஒருவரும் கிடைத்தால் ஒரே வாரத்தில் 'சென்னா' தயார். 1974இன் டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட்டும் அப்படியே. 1972 இமோலா 200 பந்தயத்தில் பால் ஸ்மார்ட் வென்ற வண்டியின் வழித்தோன்றல் அது. வெளிர் பச்சைச் சட்டம், பெட்ரோல் மட்டம் தெரியும்படி ஒளி ஊடுருவும் பட்டை விட்ட கண்ணாடியிழை டேங்க். இவை இரண்டையும் சாதாரண 750 ஜிடி ஒன்றின்மேல் ஏற்றிவிடலாம். அங்கே எஞ்சின் எண்ணும் உள்ளே இருக்கும், ஸ்பிரிங்கை நம்பாமல் வால்வை மூடும் டெஸ்மோட்ரோமிக் அமைப்பும்தான் பேச வேண்டும், நிறம் அல்ல.

என் விஷயத்தில் இப்போதைய நிலை இது. முன்பணத்தை இரட்டிப்பாகத் தரக் கோரிப் பதிவுத் தபால் போயிருக்கிறது, பதில் இல்லை. விளம்பரத்தில் படங்களை மாற்றியிருக்கிறார்கள், சங்கிலிப் பக்கப் படம் இப்போது இல்லை. தலைப்பில் 'செரியே ஓரோ' அப்படியே இருக்கிறது. வண்டி சிவப்பும் வெள்ளியும். டேங்கின் வலதுபுறம் முழங்கால் உரசும் இடத்தில் பிறை வடிவத்தில் ஒரு கீறல். முன்விளக்குக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒட்டுத்தாளை இன்னும் சரிசெய்யவில்லை என்று நினைக்கிறேன். இந்த அடையாளங்களோடு ஓர் எஃப்4 உங்களிடம் வந்தால், இடது ஃபேரிங்கின் உட்புறப் படத்தைக் கேளுங்கள். முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் ரசீதையும் விளம்பரத்தின் நகலையும் பத்திரப்படுத்திவிட்டு எனக்குத் தெரிவியுங்கள். என்னைத் தவிர இன்னொருவரும் இருந்தால் வழக்கறிஞர் குற்றப் புகாராகவே எடுத்துச் செல்லலாம் என்கிறார்.