சுயசரிதை அசைன்மென்ட்டுக்கு இந்த கைடு வேண்டவே வேண்டாம்

பள்ளிக்கூடத்தில் சுயசரிதை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள் என்று காரைக்குடி ஸ்டேஷனரி கடையில் போய்ச் சொன்னால் ஒரு மெல்லிய கைடை எடுத்து நீட்டுகிறார்கள். பெயர் வேண்டாம். எட்டாவது படிக்கிற மகளுக்காக வாங்கினேன். ஐந்துக்கு ஒரு மார்க் போடலாம், அதுவும் அட்டை கெட்டியாக இருப்பதற்காக.

உள்ளே முழுக்கக் கோடிட்ட இடம். 'நான் ........ என்னும் அழகிய கிராமத்தில் பிறந்தேன். சுற்றிலும் பச்சைப்பசேல் வயல்கள், சலசலக்கும் ஆறு.' செம்மண்ணும் கண்மாயும் ஊருணியுமாக இருக்கிற எங்கள் பக்கத்தில் சலசலக்கிற ஆற்றுக்குப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அடுத்த பக்கத்தில் தந்தையின் தொழில், மாத வருமானம் என்று கட்டம் போட்டிருக்கிறது, இது சுயசரிதையா வருமானச் சான்றிதழ் விண்ணப்பமா தெரியவில்லை, அப்பா இல்லாத பிள்ளை அந்தக் கட்டத்தில் என்ன எழுதும் என்று யாரும் யோசித்ததாகவும் தெரியவில்லை. கடைசியில் டாக்டராகி ஏழைகளுக்கு இலவச வைத்தியம். மொத்த வகுப்பும் ஒரே ஊரில் பிறந்து ஒரே டாக்டராகிவிடும்.

இதற்குப் பதில் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எடுங்கள். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942இல் அவர் காலமானதால் பாதியில் நிற்கிறது. 122 அத்தியாயம், முழுசாகப் படிக்கச் சொன்னால் பிள்ளை ஓடிவிடும். முதல் அத்தியாயம் போதும். ஏகாதசியன்று ஞாபகமில்லாமல் வெற்றிலை போட்டுவிட்ட தஞ்சாவூர் ராஜா அதற்குப் பரிகாரமாக ஓர் ஊரையே தானம் கொடுத்த கதை, வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு, அப்படித்தான் உத்தமதானபுரம் உண்டாகிறது. நான் வாசித்துக் காட்டியதும் மகள் நேரே அவள் அப்பத்தாவிடம் போய், "நம்ம வீட்டை யாரு அப்பத்தா கட்டுனா?" என்று ஆரம்பித்தாள். அப்பத்தாவின் மாமனார் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாகப் போனது, வளவுத் தூணெல்லாம், அதாவது வீட்டு முற்றத்துத் தூணெல்லாம், அங்கேயிருந்து வந்த தேக்கு என்பது, எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. எனக்கே பாதி தெரியாது. கைடில் இதற்கு ஒரு வரிகூட இடம் கிடையாது.

இன்னொரு இடமும் வகுப்பில் படிக்கலாம். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சா. போகிறார், தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவையெல்லாம் அடுக்குகிறார், அவரோ இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி கேட்டுவிடுகிறார். அங்கேதான் ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றான சீவக சிந்தாமணி பற்றிய பேச்சு வருகிறது. பிறந்தேன் வளர்ந்தேன் என்று இழுக்காமல் ஒரே ஒரு நாளை எழுதுவது எப்படி என்று காட்ட இதைவிட நல்ல பகுதி எனக்குத் தெரியாது.

மற்றவை சுருக்கமாக. கலாமின் 'அக்னிச் சிறகுகள்' பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ராமேஸ்வரம் நமக்குப் பக்கத்து மாவட்டம் வேறு, புளியங்கொட்டை பொறுக்கி விற்றதும் ஓடும் ரயிலிலிருந்து விழுந்த பேப்பர் கட்டும் அருமை. ராக்கெட் வந்ததும் எங்கள் வீட்டில் புத்தகம் மூடப்பட்டது. காந்தியின் 'சத்திய சோதனை'யில் அவர் அண்ணன் காப்பிலிருந்து தங்கம் எடுத்ததை அப்பாவுக்கு எழுதிக் கொடுத்து ஒப்புக்கொள்கிற பகுதி மட்டும் போதும். கண்ணதாசன் சிறுகூடல்பட்டிக்காரர், காரைக்குடியில் மணிமண்டபம் இருக்கிறது, அதனால் அவர் சுயசரிதையான 'வனவாசம்' கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுக்காதீர்கள். நல்ல புத்தகம்தான், ஆனால் அதில் உள்ள சில இடங்கள் எட்டாம் வகுப்புக்கு ஆகாது. கல்லூரிக்குப் போனபிறகு அவர்களே படித்துக்கொள்வார்கள்.

'என் சரித்திரம்' அச்சுப் புத்தகம் தடியானது, விலையும் அதற்கேற்றபடி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, முதல் அத்தியாயத்தை மட்டும் பிரிண்ட் எடுங்கள், கைடு விலையில் பாதிகூட ஆகாது. டீச்சர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ஐந்து பக்கம் கட்டாயம் என்பதை விட்டுவிடுங்கள், அந்தப் பக்கக் கணக்குக்குப் பயந்துதான் நாங்கள் கைடு வாங்க ஓடுகிறோம்.