ஸ்தெல்ல, எத்துவால், ஸெத்வால்: மெட்ரோவில் எந்த மொழியை எப்படிப் படிப்பது?

மொரீசியஸ் அரசுச் சின்னத்தின் அடியில் நான்கே சொற்கள் இருக்கின்றன: "ஸ்தெல்ல க்லாவிஸ்க்வெ மரிஸ் இந்திகீ." இந்தியப் பெருங்கடலின் விண்மீனும் திறவுகோலும் என்று பொருள். இந்த லத்தீன் ஸ்தெல்லதான் பிரெஞ்சில் எத்துவால் ஆகி, நம் தெருவில் பேசும் கிரியோலில் ஸெத்வால் ஆனது. கடலுக்கு மரெ, மேர், லாமேர். திறவுகோலுக்கு க்லாவிஸ், கிளே, லாக்ளே. பிரெஞ்சில் தனியாக முன்னே நின்ற 'லா' கிரியோலில் சொல்லோடு ஒட்டிப்போய்விட்டது.

சொற்கள் இப்படி வழிவழியாக வந்தவை என்பதால் மூன்று மொழியையும் ஒரே முறையில் படித்துவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது. லத்தீன் இன்று பெரும்பாலும் கண்ணால் படிக்கும் மொழி. கிரியோல் காதும் வாயும் கேட்கும் மொழி. கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸ் வரை சுமார் 26 கிலோமீட்டர் மெட்ரோ ஓடுகிறது. தினமும் போய் வருபவர் கையில் எதை வைத்துக்கொள்வது என்பது எந்த மொழி என்பதைப் பொறுத்தது.

லத்தீனுக்குத் தாள் அட்டைதான் முதல் தேர்வு. ஒரு ஏ4 தாளை நான்கு முறை மடித்து வெட்டினால் 16 அட்டைகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7.4க்கு 5.25 செ.மீ. சட்டைப் பையில் அடங்கும் அளவு. கியூர்பிப் மழைக்கு ஜெல் பேனா ஆகாது, மை பரவிவிடும். பென்சில் அல்லது பால்பாயிண்ட் போதும். ஒரு நாளைக்குப் புதிதாக 8 அட்டைக்கு மேல் வேண்டாம். மூன்று கட்டுகள் வையுங்கள்: தினமும் பார்ப்பது, மூன்று நாளுக்கு ஒருமுறை பார்ப்பது, வாரம் ஒருமுறை பார்ப்பது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த கட்டுக்குப் போகும். தவறினால் எந்தக் கட்டில் இருந்தாலும் முதல் கட்டுக்கே திரும்பும்.

அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். 'ரேக்ஸ் = அரசன்' என்று மட்டும் எழுதினால், நூலில் 'ரேகெம்' என்று வரும்போது அது அதே அரசன்தான் என்று தெரியாது. 'ரேக்ஸ், ரேகிஸ், ஆண்பால்' என்று மூன்றையும் எழுத வேண்டும். இரண்டாவது வடிவம் 'அரசனுடைய' என்பது. அதன் ஈற்றைக் கழித்தால்தான் உண்மையான அடிச்சொல் கிடைக்கும், மற்ற வேற்றுமை உருபுகளும் அதில்தான் ஏறும். பாலையும் விடாமல் எழுதுங்கள். நமக்கு மேசை அஃறிணை, அதில் சந்தேகமே இல்லை. லத்தீனில் மேசை பெண்பால். பொருளைப் பார்த்துப் பாலை முடிவு செய்யும் நம் பழக்கம் இங்கே உதவாது. தமிழர்களுக்கு லத்தீனில் கடினமான இடம் இதுதான்.

மற்றபடி தமிழ் தெரிந்தவர்க்கு லத்தீன் எவ்வளவு நெருக்கம் என்பது ஆங்கில வழிப் பாடநூல்களில் தெரியவே தெரியாது. ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: "புவெல்ல ரொஸம் மாத்ரீ தத்." சிறுமி, ரோஜாவை, அம்மாவுக்கு, தருகிறாள். சொல்லுக்குச் சொல், அதே வரிசை. 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'ம்', 'கு' இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ', வினை கடைசியில். இதை ஆங்கிலத்தில் பெயர்த்துப் படிப்பவர் வினையைத் தேடிக் கடைசிக்கு ஓடி, மறுபடி முன்னே வர வேண்டியிருக்கிறது. வரிக்குக் கீழே தமிழிலேயே பொருள் எழுதிக்கொண்டால் அந்த அலைச்சல் இல்லை. சின்னத்தில் உள்ள 'க்வெ'யும் நம் 'உம்' போலச் சொல்லின் வாலில் ஒட்டுவதுதான். 'உடன்' என்பதற்கான 'கும்' பெயருக்கு முன்னால் நிற்கும். ஆனால் 'என்னுடன்' என்று சொல்ல 'மேகும்': அங்கே நம்மைப் போலவே பின்னால் வருகிறது.

குறில் நெடில் இன்னொரு வரம். 'ரொஸ' என்றால் ரோஜா, எழுவாய். 'ரொஸா' என்று நீட்டினால் 'ரோஜாவால்'. 'மலும்' தீமை, 'மாலும்' ஆப்பிள். சாதாரண லத்தீன் அச்சில் இந்த நீட்டம் தெரியாது, பாடநூல்களிலும் அகராதிகளிலும்தான் மேலே கோடு போட்டிருப்பார்கள். தமிழ் எழுத்தில் அது தானாகவே வந்துவிடுகிறது. தமிழ் எழுத்து காட்டாதது வேறொன்று: தம்பியின் 'பி', பந்தின் 'து', தங்கையின் 'கை' போல அதிரும் ஒலி. 'தத்' என்பதில் முதல் 'த' அதிரும், கடைசி 'த்' அதிராது. அதிரும் எழுத்துக்கு அடியில் ஒரு சிறு கோடு போடுங்கள். முதல் நாளிலிருந்தே போடாவிட்டால் பிறகு நூறு அட்டைகளைத் திருத்த வேண்டிவரும்.

லத்தீனுக்கு ஒலிப்பதிவு இரண்டாம் இடம்தான். கேட்பதானால் ஒரே உச்சரிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய ரோமானியர் முறையில் அரசி 'ரேகீன', தேவாலய முறையில் 'ரெஜீனா'. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் சொல் மனத்தில் தங்காது.

கிரியோலுக்கு இந்த அட்டை வேலை அத்தனையும் வீண். காலத்துக்கு ஏற்ப வினை திரிவதே இல்லை, முன்னால் வரும் சிறு சொல்தான் காலத்தைச் சொல்கிறது. மோ பெ மான்ஸே, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மோ தி மான்ஸே, சாப்பிட்டேன். மோ ஃபின் மான்ஸே, சாப்பிட்டாயிற்று. மோ பு மான்ஸே, சாப்பிடுவேன். பின்னால் செயப்படுபொருள் வந்தால் வினை சுருங்கும்: மோ மான்ஸ் திரி, சோறு சாப்பிடுகிறேன். இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர் கடைக்காரரிடம் பேசும்போது திணறுவார். இருபது விநாடி அளவில் ஒரு பேச்சைப் பதிவு செய்து, மூன்று முறை கேட்டு, நான்காம் முறை கூடவே முணுமுணுப்பதுதான் வழி. மெட்ரோவைவிடப் பேருந்து இதற்கு நல்லது, கண்டக்டரிடம் வாய் திறந்தே ஆக வேண்டும். பெரியவர்களிடம் 'தொ' சொல்லாதீர்கள், 'ஊ' சொல்லுங்கள். நீ, நீங்கள் வேறுபாடேதான். சமையலறைச் சொற்களில் பாதி வேலை முடிந்தே இருக்கிறது: கறிவேப்பிலை இங்கே 'கரிபூலே', ரசம் 'ரசோன்'.

அதே கறிவேப்பிலை லத்தீனில் 'முர்ராய கோனிகீ'. கடைசி 'ஈ' உடைமை உருபு, கோனிக் என்பவருடையது என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் பணியாற்றிய தாவரவியலாளர் அவர். பாம்பிள்மூஸ் தாவரவியல் தோட்டத்துப் பெயர்ப்பலகைகளை இந்தக் கண்ணோடு படித்தால் ஒரு பிற்பகலில் உடைமை உருபுகள் பிடிபட்டுவிடும். லத்தீனுக்கு இந்தத் தீவில் இதைவிட நல்ல வகுப்பறை இல்லை.

பிரெஞ்சு இரண்டுக்கும் நடுவில். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. அதனால் ஒலிப்பதிவும் அதன் எழுத்து வடிவமும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதிதான் வரும்.

கைபேசிச் செயலிகளில் ஆங்கி நம் தாள் கட்டுகளின் வேலையைத் தானே செய்யும். இணையமும் வேண்டாம், ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. லத்தீனுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் வேறொருவர் செய்த கட்டை இறக்கிப் படித்தால் பாதிப் பயன்தான், அட்டையை எழுதும்போதே சொல் ஏறிவிடுகிறது. டூயோலிங்கோவின் லத்தீன் பாடம் மிகவும் சிறியது, ருசி பார்க்கப் போதும். அதில் உள்ள கிரியோல் ஹைட்டியுடையது. அதைப் படித்துவிட்டு இங்கே பேச முயல வேண்டாம்.

பக்கத்துத் தீவான ரீயூனியன் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முக்கால் மணி நேர விமானப் பயணம்தான், ஆனால் கிரியோல் மாறிவிடும். இங்கே 'மோ பா கொனே', அங்கே 'மி கொனே பா'. இரண்டும் 'தெரியாது'தான், 'மோ' 'மி' ஆகிறது, எதிர்மறைச் சொல் வினைக்குப் பின்னால் போய்விடுகிறது. விமானத்திலேயே பத்து வாக்கியங்களை இப்படி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். அங்குள்ள மலையூரான சிலாவோவுக்கு ஏறும் சாலையில் நானூறு வளைவுகள் என்பார்கள். அங்கே அட்டையும் நூலும் எடுக்கவே கூடாது. கண் தாளில் நிற்க, உடல் வளைவில் சாய, பத்து நிமிடத்தில் குமட்டும். ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு வெளியே தூரத்து மலையைப் பாருங்கள்.