அப்பாவுக்கு மூட்டு மாற்றவில்லை, எடுத்திருக்கிறார்கள்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போய்வந்தேன். திரும்பி வந்த பிறகும் மனதில் நிற்பது ஒரு காலை நேரத்துப் பத்து நிமிடம்தான்.

அப்பாவின் செயற்கை முழங்கால் மூட்டில் கிருமி புகுந்துவிட்டது. உலோகத்தின் மேல் கிருமிகள் பிசின் மாதிரி படலம் கட்டிவிட்டால் மருந்து அவற்றை எட்டாது. அதனால் மூட்டையே கழற்றிவிட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்டில் செய்த ஸ்பேசரை அந்த இடத்தில் வைத்தார்கள். அப்பாவுக்கு வைத்தது அசையாத வகை. நீட்டிய கால், அதை மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பிரேஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். 6 வாரம் நரம்பு வழியாக மருந்து, கிருமி அடங்கியது உறுதியான பிறகுதான் புது மூட்டு. டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் நான் வந்து இறங்கினேன்.

அடுத்த நாள் காலை பிசியோதெரபிஸ்ட் வந்தார். சின்னப் பையன், நல்ல பணிவு. "இன்னைக்குக் கொஞ்சம் மடக்கிப் பாத்துடலாம் ஐயா" என்று பிரேஸின் பட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தார். அப்பாவும் மறுபேச்சில்லாமல் காலைக் கொடுத்தார். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி மடக்கி மடக்கித்தானே நடக்க வைத்தார்கள்! என் கை அந்தப் பையனின் கையைப் போய்ப் பிடித்தது எனக்கே தெரியவில்லை. உள்ளே மூட்டு இல்லை தம்பி, வெறும் சிமென்ட், மடக்கினால் அது நகரும், எலும்பு அரையும் என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. "மூட்டு மாத்தினவர்னு நெனச்சேன் சார்" என்று டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினார். முதல் பக்கத்தில் 'முழங்கால் அறுவை சிகிச்சை, பிசியோதெரபி தொடரவும்', அவ்வளவுதான். ஸ்பேசர் என்ற சொல் பின்பக்கத்தில், ஆபரேஷன் குறிப்புகளுக்கு நடுவில் கிடந்தது. மடக்கலாமா, அந்தக் காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம், ரத்தப் பரிசோதனை எப்போது, ஒரு வரி இல்லை. அந்தப் பையனிடம் கத்தியது இன்னும் உறுத்துகிறது. அவர் என்ன செய்வார்?

நான் வேலை பார்க்கும் நாட்டில் இப்படி நடந்திருக்காது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தனித் தாளே கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் அங்கே எலும்பு டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தவனும் நான்தான். இங்கே அன்று சாயங்காலமே, டோக்கன்கூட இல்லாமல், சர்ஜன் பார்த்தார். சீட்டில் நான்கு வரி எழுதினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தை டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஒதுக்கியிருக்கக் கூடாதா?

மருந்து ஏற்ற வந்த சிஸ்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நன்றிகெட்டவனாவேன். அப்பாவின் மேல்கையில் பிக் லைன், அதாவது ரத்தக்குழாய்க்குள் நெஞ்சு வரை போகும் மெல்லிய நீளக் குழாய், போட்டிருந்தார்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, குளிக்கும்போது நனையக் கூடாது, வாரம் ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும் என்று அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை அவசரமாக ஏற்றினால் உடம்பு சிவந்து அரிக்கும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாகத்தான் போக வேண்டும் என்றார். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து என்பதால் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவும் பார்க்கச் சொன்னார். ஊசி பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மா, ஒரே வாரத்தில் அந்தக் குழாய் அடைக்காமலிருக்க 10 மில்லி சிரிஞ்சில் சலைனை விட்டு விட்டுத் தள்ளப் பழகிவிட்டாள். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் வீடு தேடி வரும் கம்பவுண்டர் நினைவுக்கு வந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா மார்க்கர் கேட்டார். பிரேஸின் மேல் பெரிய எழுத்தில் 'மடக்கக் கூடாது' என்று என்னை எழுத வைத்தார். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, சி.ஆர்.பி., அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது.