ஊட்டி, குன்னூர் வீட்டு நெட்: லிமிட் தாண்டினால் யார் என்ன செய்கிறார்கள்?

விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், கீழே பொடி எழுத்தில் ஓர் எண் ஒளிந்திருக்கும். பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் மூன்றிலும் பெரும்பாலான வீட்டு ஃபைபர் திட்டங்களுக்கு அது மாதம் சுமார் 3300 ஜிபி. தாண்டினால் நெட் நிற்காது, பில்லும் ஏறாது. ஸ்பீடு மட்டும் விழும். பிஎஸ்என்எல்லின் பல திட்டங்களில் 2 அல்லது 4 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதில் வாட்ஸ்அப், ஜிபே, ஒருவர் பேசும் வீடியோ கால் வரை ஓடும். டிவியில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

3300 ஜிபி என்றால் நாளுக்கு 110. 4கே படம் மணிக்கு ஏறக்குறைய 7 ஜிபி இழுக்கும்; அப்படித் தினமும் ஏறக்குறைய 16 மணி நேரம் பார்த்தால்தான் லிமிட்டைத் தொட முடியும். நாலைந்து பேர் உள்ள வீடு தாண்டுவது அபூர்வம். தாண்டுவது ஹோம்ஸ்டேக்களும் கேமராக்களும்தான்.

கேமரா விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான கம்பெனிகள் அப்லோடையும் கணக்கில் சேர்க்கின்றன. 2 எம்பிபிஎஸ் கேமரா ஒன்று இரவு பகலாகக் கிளவுடுக்கு அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி, மாதம் 648 ஜிபி. பூட்டிக் கிடக்கும் பங்களாவில் நாலு கேமரா ஓடினால், ஆளே இல்லாமல் 2592 ஜிபி போய்விடும். பதிவை மெமரி கார்டிலோ டிவிஆரிலோ வைத்துக்கொண்டு, அசைவு இருந்தால் மட்டும் கிளவுடுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள். அதோடு விட்டால் போதாது: ஆடி மாதக் காற்றில் சில்வர் ஓக் கிளை ஆடுவதையும் கேமரா ‘அசைவு’ என்றே எடுத்துக்கொள்ளும். செட்டிங்கில் கேட், வாசல் பகுதிகளை மட்டும் குறித்து விடவும்.

ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு வேறு சிக்கல். வீட்டுத் திட்டத்தில் வணிகப் பயன்பாடு கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. ஏப்ரல், மே சீசனில் ஆறு அறையும் நிரம்பி மாதாமாதம் லிமிட் தாண்டினால், பிசினஸ் திட்டத்துக்கு மாறச் சொல்லும் உரிமை கம்பெனிக்கு உண்டு. அதில் சண்டை போட்டுப் பயனில்லை.

ஃபைபர் இழுக்க முடியாத எஸ்டேட் பக்கங்களில், மொபைல் டவரிலிருந்து ஒயர் இல்லாமல் வரும் ஏர்ஃபைபர் விற்கிறார்கள். அதில் லிமிட் பொதுவாக 1000 ஜிபிதான், அதாவது நாளுக்கு 33. விற்க வருபவர் இதை முதலில் சொல்வதே இல்லை. டவர் மறைந்திருக்கும் பள்ளத்து வீடுகளுக்கு இது சரிவராது.

உள்ளூர் கேபிள்காரர் தரும் நெட்டில் பெரும்பாலும் எண்ணே எழுதியிருக்காது. அதிகம் இழுக்கிறீர்கள் என்று தோன்றினால் ஒரு போன் வரும், ‘பெரிய பேக் போட்டுக்குங்க சார்’ என்று. அல்லது சத்தமில்லாமல் ஸ்பீடு குறையும். இதை நான் ஏற்கவே மாட்டேன். ஆனால் மரம் விழுந்து ஒயர் அறுந்தால் மழையிலும் ஏணியோடு முதலில் வந்து நிற்பவரும் அவர்தான்.

‘லிமிட் போட்டு வெட்டிட்டான்’ என்று மலையில் வரும் புகார்களில் பலவற்றுக்கு லிமிட் காரணமே இல்லை. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வைஃபையை நம்பாமல், லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ஃபைபர் வந்து சேரும் பாக்ஸில் (மோடம்) செருகி, காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். இரண்டு வேளையும் பிசகாமல் லிமிட் தாண்டிய பிறகு தரும் ஸ்பீடையே (பிஎஸ்என்எல்லில் 2 அல்லது 4 போல) காட்டினால் அது லிமிட். காலையில் 90, இரவில் 8 என்றால் நெரிசல். ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் (GPON) முறையில் ஒரு போர்ட்டின் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போடுகின்றன. அதற்கு மேலே கேபிள்காரர் வாங்கியிருக்கும் லைன் அதைவிடக் குறுகலாகவும் இருக்கலாம். எந்த வேளையிலும் தாறுமாறாக ஏறி இறங்கினால் சிக்னல் கோளாறு. பெரும்பாலான பாக்ஸ்களில் 192.168.1.1 போட்டு உள்ளே போனால் ஆர்எக்ஸ் பவர், அதாவது பாக்ஸுக்கு வந்து சேரும் ஒளியின் வலு, தெரியும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை நல்லது. மைனஸ் 27-க்குக் கீழே (மைனஸ் 28, 29 என்று) போனால் கனெக்டரில் ஈரமோ எங்கோ ஃபைபர் மடிந்தோ இருக்கும். ஆள் வரும்போது அந்த எண்ணைக் காட்டுங்கள். ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்று நழுவ முடியாது.

விதிகளும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கின்றன. பயன்பாடு 50, 90 சதவீதத்தைத் தொடும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இல் உத்தரவிட்டது. 2018-இல் ஏற்கப்பட்ட நெட் நியூட்ராலிட்டி (எல்லா இணையப் பயன்பாட்டையும் சமமாக நடத்தும்) விதிப்படி, யூடியூபை மட்டும், டோரண்டை மட்டும் என்று பொறுக்கி எடுத்து மெதுவாக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் பொதுவான லிமிட் போடலாம். டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது. கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்கி, பதில் சரியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும்.

என் தேர்வு: பள்ளிப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரும் உள்ள வீட்டுக்கு 3300 ஜிபி ஃபைபர் எதுவானாலும் போதும். தாண்டிய பிறகு எவ்வளவு ஸ்பீடு என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, அதை வைத்துக் கம்பெனியை முடிவு செய்யுங்கள். லிமிட் புதுப்பிக்கும் தேதியையும் கேளுங்கள். சிலருக்கு மாதம் 1ஆம் தேதி, சிலருக்கு ரீசார்ஜ் செய்த தேதி. அந்தத் தேதி கடந்தும் 2 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால் பழைய செஷன் (பாக்ஸ் கம்பெனியோடு வைத்திருக்கும் தொடர்பு) அறுபடாமல் இருக்கிறது என்று அர்த்தம். பாக்ஸை ஐந்து நிமிடம் அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.