டோர் ஹேண்டில் இருக்கா? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு கம்பெனியே பார்ட்ஸ் தர்ற சர்வீஸ் - ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், என்கிட்ட மாஸ்டா ரோட்ஸ்டரும் கிடையாது நிசான் ஜிடி-ஆரும் கிடையாது, ஆனா இந்த கார் கம்பெனிங்க பழைய மாடலுக்கு விடற பார்ட்ஸ் லிஸ்ட்ட உக்காந்து படிக்கறது எனக்கு ஒரு கிறுக்கு. வீடியோல எல்லாரும் பாரம்பரியம், உணர்வு அது இதுன்னு உருகுவாங்க, லிஸ்ட்ட பாத்தா தான் சாயம் வெளுக்கும். டோர் ஹேண்டில் இருக்கா, ரப்பர் சீல் இருக்கா, டேங்க்குள்ள உக்காந்து பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு மீட்டருக்கு சொல்ற சென்சார், அதான் ஃப்யூல் சென்டர், இருக்கா? பழைய கார ஷெட்டுலயே முடக்கிப் போடறது பாதி நேரம் இந்த மாதிரி சில்லறை சாமான் தான்.

ஜப்பான் கம்பெனிங்கள்ல என் ஓட்டு மாஸ்டாவுக்கு. 1989ல வந்த முதல் ரோட்ஸ்டர், வெளிநாட்டுல மியாட்டான்னு சொல்வாங்களே, அதுக்கு 2017ல அறிவிச்சு 2018ல ரெஸ்டோரேஷன் சர்வீஸும் நின்னு போன பார்ட்ஸும் கொண்டு வந்தாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஓனருங்க கிட்டயே என்ன வேணும்னு கேட்டிருக்காங்க, அது லிஸ்ட்ல தெரியுது. வினைல் சாஃப்ட் டாப், அலாய் வீல், நார்டி கம்பெனியோட மர ஸ்டியரிங், மர கியர் நாப். இதெல்லாம் சரி, என்ன அசத்தினது டயர் தாங்க. அந்த காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325, 185/60 ஆர்14 சைஸ், அத திரும்ப செஞ்சு வாங்கியிருக்காங்க. ஒரு டன்னுக்கும் கம்மியான கார், சஸ்பென்ஷன செட் பண்ணதே அந்த டயர வெச்சு, இன்னிக்கு கிடைக்கற நல்ல கிரிப் டயர மாட்டினா வேகமா வளையும் தான் ஆனா டிரைவர் கைக்கு வர்ற ஃபீல் மாறிடும், இத ஒரு கம்பெனி யோசிச்சு டயர் வரைக்கும் போயிருக்குன்னா அங்க யாரோ ஒருத்தர் நிஜமாவே அந்த கார ஓட்டறார்னு அர்த்தம். குறை என்னன்னா ரெஸ்டோரேஷன் ஜப்பானுக்குள்ள மட்டும், அதுவும் முதல்ல வந்த 1.6 லிட்டர் மாடலுக்குத் தான், சர்வீஸ் தொடங்கினப்போ ஆரம்ப விலையே 25 லட்சம் யென் பக்கம் இருந்துச்சு. அந்த காசுக்கு நல்ல கண்டிஷன்ல இன்னொரு ரோட்ஸ்டரே தேடிப் பிடிச்சிடலாமேன்னு தோணாம இல்ல.

நிசான் கதை வேற. ஆர்32 ஜிடி-ஆருக்கு 2017 டிசம்பர்ல நிஸ்மோ (நிசானோட ரேஸிங் பிரிவு) ஹெரிட்டேஜ் பார்ட்ஸ்னு ஆரம்பிச்சப்போ சுமார் 80 அயிட்டம், ஹோஸ், வயரிங் ஹார்னெஸ் (காருக்குள்ள ஓடற ஒயர் கட்டு), எம்பளம்னு, அப்புறம் அதுக்கு அடுத்து வந்த ஆர்33, ஆர்34 ஜிடி-ஆருக்கும் நீட்டினாங்க. அமெரிக்காவுல 25 வருஷம் ஆன கார இறக்குமதி பண்ணிக்கலாம்னு ரூல் இருக்கறதால 2014ல இருந்து ஆர்32 கப்பல் ஏற ஆரம்பிச்சிடுச்சு, அதனால ஜப்பான் ஓனரும் அமெரிக்கா ஓனரும் ஒரே ஹோஸுக்கு அடிச்சுக்கற நிலைமை. வயரிங் ஹார்னெஸ் லிஸ்ட்ல இருக்கறது பெரிய விஷயம், 30 வருஷ ஹீட்ல ஒயர் மேல இருக்கற பிளாஸ்டிக் விரல் பட்டாலே உதிரும்.

பாடி பேனல் ஏன் கிடைக்க மாட்டேங்குதுன்னு பல பேர் கம்பெனிய திட்டறாங்க. ஒரு ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல வர்ற தகடு) அடிக்கணும்னா பெரிய பெரிய டை, அதாவது தகட்ட அழுத்தி வடிவம் கொடுக்கற இரும்பு அச்சு, வேணும், அத செய்யவும் காசு, பத்திரமா வெச்சிருக்க இடத்துக்கும் காசு, வருஷத்துக்கு நாலு பீஸுக்காக எவன் வெச்சிருப்பான். 2019ல நிசான் காட்டின டெக்னிக் இதுக்குத் தான்: இரும்புத் தகட்ட நிக்க வெச்சு ரெண்டு பக்கமும் ரெண்டு ரோபோ, முனையில வைர கோட்டிங் போட்ட டூல், ரெண்டும் எதிரும் புதிருமா நின்னு கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி வடிவத்துக்கு கொண்டு வரும். டையே வேணாம். ஸ்லோ தான், ஆனா பத்து பீஸ் தேவைன்னா பத்து மட்டும் செய்யலாம்.

டொயோட்டா 2020ல சுப்ரா ஸ்போர்ட்ஸ் காரோட ஏ70, ஏ80 மாடலுக்கு ஆரம்பிச்சாங்க. டோர் ஹேண்டில் இருக்கு! ஃப்யூல் சென்டர், பிரேக் பூஸ்டர், ஹெட்லைட்டும் இருக்கு, அதுக்கே பாஸ் மார்க். அடுத்த வருஷம் அவங்களோட இன்னொரு பழைய கார் ஏஇ86ம் சேர்ந்துச்சு. லிஸ்ட் மட்டும் இன்னும் ரொம்ப மெதுவா வளருது.

போர்ஷேவோட பழைய கார் பிரிவான போர்ஷே கிளாசிக்க இங்க இழுக்காம முடியாது, ஸ்டாக்குல அவங்கள அடிச்சுக்க ஆளில்ல. மொத்தமே 292 கார் செஞ்ச 959 மாடலுக்கு கிளட்ச் ரிலீஸ் லீவர இரும்புப் பவுடர லேசர்ல உருக்கி 3டி பிரிண்ட் பண்ணி, கிட்டத்தட்ட மூணு டன் லோடு கொடுத்து டெஸ்ட் பண்ணிட்டு தான் வெளிய விட்டாங்க. ஆனா விலை போர்ஷே விலை, அத பத்தி புலம்பி பிரயோஜனம் இல்ல.

இதுல ஏதாவது ஒரு கார் வீட்டுல நிக்குதுன்னா, வீல் ஸ்டியரிங் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், ஹோஸ், சீல், ஹார்னெஸ் ஸ்டாக் காட்டறப்பவே ஆர்டர் போட்டுடுங்க. இதெல்லாம் சின்ன சின்ன பேட்ச்சா தான் செய்வாங்க, தீர்ந்துட்டா அடுத்த பேட்ச் எப்போன்னு டீலருக்கே தெரியாது.