வாரண்டை நீக்கித் தருகிறோம் என்று 1,384 டாலர் பிடுங்கிக்கொண்டார்கள்: டெக்சஸ் நண்பர்கள் கவனம்

இன்று காலை வங்கியிலிருந்து பதில் வந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்ட என் புகாரை நிராகரித்துவிட்டார்கள். 1,384 டாலர் போனது போனதுதான். ஆத்திரத்தில் எழுதுகிறேன், அங்கங்கே தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டாலஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள், அதிலும் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

போன நவம்பர் தாங்க்ஸ்கிவிங் விடுமுறையில் ஹூஸ்டன் பக்கம் பேர்லண்ட் மீனாட்சி அம்மனைப் பார்த்துவிட்டு ஐ-45 நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். 75 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 86-ல் போனேன். ஸ்டேட் ட்ரூப்பர் (மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்) நிறுத்தி டிக்கெட், அதாவது அபராத நோட்டீஸ், கொடுத்தார், கையெழுத்துப் போட்டேன். என் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு அல்ல, டிக்கெட்டில் போட்டிருக்கும் தேதிக்குள் கோர்ட்டில் ஆஜராகிறேன் என்று நாம் கொடுக்கும் வாக்கு அது.

டிசம்பரில் மகள் பிறந்தாள். ஜனவரியில் இர்விங்கிலிருந்து ஃபிரிஸ்கோவுக்கு வீடு மாறினோம். குடியேற்றத் துறைக்கு 10 நாளுக்குள் முகவரி மாற்றம் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், அதை ஒழுங்காகச் செய்தேன். லைசென்ஸில் இருக்கும் முகவரியை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். கோர்ட் அனுப்பிய கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. டிக்கெட் காகிதமும் பெட்டிகளோடு பெட்டியாக எங்கோ போய்விட்டது. நம் ஊரில் வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்ட் போடுவார்களே, அதேதான் இங்கேயும். அதைத்தான் பெஞ்ச் வாரண்ட் என்கிறார்கள்.

ஜூன் மாதம் எச்-1பி நீட்டிப்பு வந்தது. டெக்சஸில் நமக்குக் கொடுக்கும் லைசென்ஸ் விசாக் காலத்தோடு முடிந்துவிடும், ஒவ்வொரு நீட்டிப்புக்கும் லைசென்ஸ் கொடுக்கும் டிபிஎஸ் அலுவலகம் போக வேண்டும். காத்திருந்து நேரம் வாங்கி, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனோம். கவுண்டரில் இருந்த பெண்மணி திரையைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு கோர்ட்டில் நீங்கள் ஆஜராகவில்லை, அது தீரும்வரை புதுப்பிக்க முடியாது என்றார். ஒரு சீட்டில் ஒரு போன் நம்பரை எழுதிக் கையில் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தச் சீட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து செல்போனில் தேடினேன். டாலஸைத் தாண்டினால் எல்லிஸ், நவாரோ, ஃப்ரீஸ்டோன், லியோன், மாடிசன், வாக்கர் என்று கவுண்ட்டிகள் (நம் ஊர் மாவட்டம் போல) வரிசையாக வரும். எதில் நிறுத்தினார்கள் என்று யாருக்கு ஞாபகம்? இரண்டு கவுண்ட்டி வலைத்தளங்களில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. அடுத்த தேடலில் முதலில் வந்து நின்றது ஒரு தனியார் சேவை. அமெரிக்கா முழுவதும் வாரண்ட் தேடி, நீக்கியும் தருவார்களாம். தராசுப் படம், கொடி, அரசாங்கத் தளம் போலவே நீல நிறம். பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் நம்பர், கார் நம்பர் எல்லாம் கேட்டது, கொடுத்தேன். தேடல் அறிக்கைக்கு 49 டாலர்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. தன்னைக் கேஸ் மேனேஜர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், மிகவும் பணிவான குரல். என் முழுப் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துத் திருத்தமாகச் சொன்னார். பிறந்த தேதி சொன்னார். கார் நம்பர் சொன்னார். "சார், உங்கள் மேல் நடப்பில் ஒரு வாரண்ட் இருக்கிறது" என்றார். இவ்வளவு சரியாகச் சொல்கிறாரே, கோர்ட் பதிவு கண்முன்னால் இருக்கிறது போல என்று நினைத்தேன். நான் நம்பியது அந்த நிமிடத்தில்தான். அவர் வாசித்தது அத்தனையும் அரை மணி நேரத்துக்கு முன்னால் நானே என் விரலால் தட்டிக் கொடுத்தது. எந்தக் கவுண்ட்டி என்று கேட்டேன். பாதுகாப்புக் காரணத்தால் பணம் கட்டிய பிறகுதான் சொல்ல முடியுமாம்.

அப்புறம் பயமுறுத்தல். அலுவலகத்துக்கே போலீஸ் வரலாம். விசாவுக்கு ஆபத்து. நீங்களாக கோர்ட்டுக்குப் போனால் அங்கேயே கையில் விலங்கு. இன்று ஐந்து மணிக்குள் கட்டினால் எங்கள் வக்கீல் மனுப் போட்டுவிடுவார். பின் சீட்டில் மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கார்டு நம்பரைச் சொன்னேன். நீக்கும் சேவைக்கு 890, வக்கீல் மனுக் கட்டணம் 445. முதலில் கட்டிய 49-ஐயும் சேர்த்தால் 1,384 டாலர்.

மூன்றாம் நாள் கேட்டேன், மனு தயாராகிறது என்றார்கள். ஒரு வாரம் கழித்து, கோர்ட்டில் வேலை தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். வக்கீலின் பெயரைக் கேட்டேன், மூத்த அதிகாரி கூப்பிடுவார் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். 23-ஆம் நாள் 12 பக்க அறிக்கை ஒன்று மின்னஞ்சலில் வந்தது. அதில் இருந்தவர்கள் ஒஹையோவிலும் புளோரிடாவிலும் இருக்கும் வேறு யாரோ, என் பெயரின் ஒரு பாதி அவர்களுக்கும் இருக்கிறது, அவ்வளவுதான். கடைசி வரியில் "தங்கள் வாரண்ட் எங்கள் தரவுத்தளத்தில் கிடைக்கவில்லை, விதிகளின்படி கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று இருந்தது.

அன்றைக்கு ராத்திரி துணி மடிக்கும்போது மனைவி அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். துவைத்ததில் பாதி அழிந்திருந்தது, நம்பர் மட்டும் தெரிந்தது. காலையில் கூப்பிட்டேன். லைசென்ஸ் நம்பரைக் கேட்டு, எந்தக் கவுண்ட்டி, எந்த ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ் கோர்ட் (சின்ன வழக்குகளைப் பார்க்கும் கோர்ட்) என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோர்ட்டுக்கு போன் போட்டால் கிளார்க் அம்மாவே எடுத்தார். நான்கு நிமிடம். என் வழக்கைக் கண்டுபிடித்துவிட்டார். அது ஏன் எனக்கு அகப்படவில்லை தெரியுமா? டிக்கெட்டில் அப்பா பெயர் முதல் பெயராகவும் என் பெயர் குடும்பப் பெயராகவும் ஏறியிருக்கிறது. நம் பெயர்களுக்கு இந்த நாட்டில் இது தீராத வியாதி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருப்பவர்களுக்கு எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டு வைக்கிறார்களே, அவர்களுக்கு இன்னும் மோசம்.

என் சார்பில் யாராவது மனுப் போட்டார்களா என்று கேட்டேன். "மனு இருக்கட்டும், இந்த வழக்கைப் பற்றி இதுவரை ஒருவர்கூட போன் செய்ததில்லை" என்றார். 1,384 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு போன்கூட போடவில்லை!

வந்தால் கைது செய்வீர்களா என்றும் கேட்டுவிட்டேன். இது அபராதத்தோடு முடிகிற வழக்கு, நேரில் வந்து தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், 2017-லேயே டெக்சஸ் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இந்த மாதிரிச் சின்ன வழக்கில் ஆஜராகாததற்காகப் போட்ட வாரண்டை, நாமாக வந்து வழக்கைத் தீர்த்துக்கொண்டால் நீதிபதி திரும்பப் பெற்றாக வேண்டும். எதைக் காட்டி என்னை மிரட்டினார்களோ அதற்கு நேர்மாறாக இருக்கிறது சட்டம்.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். சின்னக் கட்டடம், கண்ணாடி ஜன்னல். உள்ளே ஒரு ஜோடி கல்யாணத்துக்கு வந்து காத்திருந்தது, இங்கே அந்த நீதிபதியே கல்யாணமும் செய்துவைப்பார். கிளார்க் திரையை என் பக்கம் திருப்பி, பெயர் மாறியிருப்பதைக் காட்டி, அங்கேயே திருத்தினார். நீதிபதி ஏன் வரவில்லை என்று கேட்டார், மகள் பிறந்ததையும் வீடு மாறியதையும் சொன்னேன். ஆஜராகாத குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். டிக்கெட்டுக்கும் கோர்ட் செலவுக்கும் 215, வாரண்ட் கட்டணம் 50, லைசென்ஸ் தடையை நீக்க 10. மொத்தம் 275 டாலர். ரசீதில் முத்திரை குத்தி, வாரண்ட் திரும்பப் பெறப்பட்டது என்ற தாளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காரில் வந்து உட்கார்ந்தபோது நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. குழந்தை பிறந்த செலவுக்குச் சேர்த்து வைத்திருந்த பணம் ஐயா அது.

வங்கியில் புகார் கொடுத்தேன். அந்த 12 பக்க அறிக்கையையே சேவை கொடுத்ததற்கு ஆதாரமாக அந்தச் சேவைக்காரர்கள் அனுப்பிவிட்டார்கள், வங்கியும் ஏற்றுக்கொண்டது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும், மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசிக்கும் எழுதியிருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில விஷயம்:

எல்லா வாரண்டையும் காட்டும் பொதுப் பட்டியல் எதுவும் கிடையாது. எஃப்பிஐயின் என்சிஐசி என்ற குற்றத் தரவுத்தளம் போலீசுக்கு மட்டும்தான், காசு கொடுத்தாலும் தனியார் பார்க்க முடியாது. டெக்சஸில் மட்டும் 254 கவுண்ட்டி. நகரப் போலீஸ் கொடுத்த டிக்கெட் என்றால் அந்த நகர முனிசிபல் கோர்ட், ட்ரூப்பரோ ஷெரிஃப் ஆளோ கொடுத்தது என்றால் அந்தக் கவுண்ட்டியின் ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ் கோர்ட். நேராக கிளார்க்குக்கு போன் போடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். பெயரை இரண்டு விதமாகவும் சொல்லுங்கள், லைசென்ஸ் நம்பரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். யாராவது தாங்களாகவே போன் செய்து வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டில் கட்டு என்றால் உடனே போனை வையுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டியது, அடிதடி போன்ற பெரிய வழக்கு என்றால் நான் செய்தது போலத் தனியாகப் போகாதீர்கள். முதலில் வக்கீலைப் பிடியுங்கள், அவர் பெயர் டெக்சஸ் ஸ்டேட் பார் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வக்கீல் பெயரைச் சொல்ல மறுக்கிறவனுக்கு ஒரு டாலர்கூட கொடுக்காதீர்கள்.

அந்தக் கேஸ் மேனேஜரிடமிருந்து நேற்று மறுபடி மின்னஞ்சல் வந்திருக்கிறது. என் வாரண்ட் இன்னும் நடப்பில் இருக்கிறதாம், 199 டாலர் கட்டினால் இன்னொரு முறை தேடிப் பார்ப்பார்களாம்.